தொழுவத்தில் தேர்வும் தொட்டிலில் தேர்வும்

(பொதட்டூர்பேட்டை வட்டார விவசாய டிமான்ஸ்டிரேட்டர் எழுதியது)

பள்ளிப்பட்டு, திருத்தணி தாலூகாக்களில் நெல்லும் வேர்க்கடலையும் கரும்பும் பயிரிடும் குடியானவர்களுக்குக் கறவைப் பசுவின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மழை தவறிய வருஷத்திலும், கிணறு வற்றிய கோடையிலும், வீட்டுச் செலவுக்குக் கை கொடுப்பது பால் பணமே. ஆதலின், சினைப்பசு ஈனப்போவது கிடேரியா, காளைக்கன்றா என்பது அற்பமான கேள்வியன்று. கிடேரி பிறந்தால் மூன்றாண்டுக்குள் மற்றொரு கறவை. காளைக்கன்று பிறந்தால், உழவுக்கு டிராக்டர் வந்துவிட்ட இக்காலத்தில், பெரும்பாலும் தீவனச் செலவு மாத்திரமே மிச்சம்.

இதற்கு விஞ்ஞானம் இப்போது ஒரு வழி கண்டிருக்கிறது. கிடேரிக்கன்றே பிறக்கும்படி பிரித்தெடுத்த உறைவிந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆனால், இதைப்பற்றி விளக்கும் கூட்டம் எதுவாயினும், கலையும் சமயத்தில் ஒரு கேள்வி எழாமல் இருப்பதில்லை. “பசுவுக்குச் செய்வதை மனிதருக்கும் செய்யலாமா?” என்பதே அது. சிலர் அதை வேடிக்கையாகக் கேட்கின்றனர். சிலர் தனியே அழைத்துப்போய், குரலைத் தாழ்த்தி, மெய்யாகவே கேட்கின்றனர். இன்னும் சிலர், குடும்பத்தில் இரத்தக் குறையுள்ள குழந்தையை வைத்துக்கொண்டு, அடுத்த குழந்தையேனும் நலமாய்ப் பிறக்க வழியுண்டா என்று அறியக் கேட்கின்றனர். மூவருக்கும் ஒரே விடை பொருந்தாது. ஆகவே விஷயத்தை அடி முதல் விளக்குவது அவசியமாகிறது.

விந்து பிரிக்கும் முறை

செங்குன்றத்திற்கும் திருவள்ளூருக்கும் இடையே உள்ள அலமாதியைப் பலரும் அறிவர். அங்கே தேசிய பால்பண்ணை அபிவிருத்தி வாரியத்தின் துணை நிறுவனம் நடத்தும் உறைவிந்து நிலையம் இருக்கிறது. நமது நாட்டிலேயே அமைத்த கருவியால் விந்தைப் பிரிக்கும் பரீட்சைகள் அந்நிலையத்தின் வாயிலாக நடைபெற்று, 2020-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சென்னைக்கு அருகே ஒரு பண்ணையில் கிடேரிக்கன்று பிறந்தது. 2024 அக்டோபரில் இம்முறை நாடு முழுவதற்கும் வெளியிடப்பட்டது. இவ்வாறு விந்து பிரிக்கும் மற்றொரு நிலையம் உதகமண்டலத்தில் அரசாங்கத்தாரால் ஏற்படுத்தப்பட்டிருக்கிறது.

அது செய்யப்படும் விதம் பின்வருமாறு. பசுவின் உடலில் உள்ள ஒவ்வோர் அணுவிலும் 60 குரோமோசோம்கள், அதாவது 30 ஜோடி, உண்டு. பாரம்பரியக் குணங்களை எல்லாம் சுமந்து செல்வன இவையே. இவற்றுள் ஒரு ஜோடி பாலை நிர்ணயிப்பது. பசுவிடம் அந்த ஜோடி இரண்டும் ‘எக்ஸ்’ எனப்படும் ஒரே இனம். பொலிகாளையிடமோ ஒன்று ‘எக்ஸ்’, மற்றொன்று ‘ஒய்’. ஆகவே பசுவின் கருமுட்டை எப்போதும் எக்ஸையே கொடுக்கிறது. காளையின் விந்தணுக்களில் பாதி எக்ஸையும், பாதி ஒய்யையும் சுமக்கின்றன. எக்ஸ் சேர்ந்தால் கிடேரி. ஒய் சேர்ந்தால் காளைக்கன்று.

ஒய் குரோமோசோம் உருவில் சிறியது. அதனால் எக்ஸைச் சுமக்கும் விந்தணுவில் பாரம்பரியப் பொருள் நூற்றுக்குச் சுமார் 3.8 பங்கு அதிகமாயிருக்கிறது. விந்தணுக்களுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, அவற்றை ஒற்றை வரிசையாக ஓடவிட்டு, லேசர் ஒளியைப் பாய்ச்சினால், அதிகப் பொருள் உள்ளது சற்று அதிகமாக ஒளிர்கிறது. கருவி அவ்வொளியை அளந்து வேண்டுவதையும் வேண்டாததையும் பிரித்துவிடுகிறது. அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தார் இம்முறையால் 1989-இல் முதன்முதலாக முயற்குட்டிகளைப் பிறப்பித்துக் காட்டினர். மாட்டுக்கு வந்தது அதன் பிறகே.

இவ்விந்தால் பிறக்கும் கன்றுகளில் நூற்றுக்குச் சுமார் 90 கிடேரியாகவே இருக்கும். மீதிப் பத்தும் காளையாகலாம் என்பதை மறத்தலாகாது. அன்றியும், சாதாரண உறைவிந்துக் குச்சி ஒன்றில் சுமார் 2 கோடி விந்தணுக்கள் இருக்க, பிரித்த விந்தில் 20 லட்சம் அளவே உண்டு. ஆதலால் சினை பிடிக்கும் விகிதம் சற்றுக் குறைவு. நல்ல உடற்கட்டுள்ள கிடேரிகளுக்கும், கருப்பையில் நோயில்லாத இளம்பசுக்களுக்கும், பருவத்தைச் சரியாகக் கண்டறிந்து செலுத்தினால்தான் இதன் பலன் முழுமையாகக் கிடைக்கும். மெலிந்த பசுவுக்கு விலையுயர்ந்த விந்து செலுத்துவது, உழாத கழனியில் வீரிய விதை தெளிப்பதை ஒக்கும்.

பெண்ணைப் பழிப்பது அறியாமை

மேற்கூறியதில் ஒன்று கவனிக்கற்பாலது. கிடேரி வேண்டும் என்றபோது விஞ்ஞானிகள் பசுவைத் தொடவில்லை. காளையின் விந்தையே பிரித்தனர். ஏனெனில், பிறப்பது ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையிடமிருந்து வரும் அணுவே. தாயின் அணுவுக்கு அதில் யாதொரு பங்கும் இல்லை. மனிதரிடத்தும் இவ்விதியே. மனிதருக்குக் குரோமோசோம்கள் 46. அவற்றுள் தாய் கொடுப்பது எக்ஸ் ஒன்றே. தந்தை கொடுப்பது எக்ஸாகவும் இருக்கலாம், ஒய்யாகவும் இருக்கலாம்.

இவ்வாறிருக்க, பெண்குழந்தைகளையே பெற்றாள் என்று மனைவியை ஏசுவதும், அவளைப் பிறந்தகத்துக்கு அனுப்புவதும், இரண்டாந்தாரம் தேடுவதும் எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை வாசகர்களே யோசித்துக்கொள்ளலாம். அலமாதியில் ஓடும் அக்கருவி, நமது வீடுகளில் பல தலைமுறைகளாக வழங்கிவரும் ஒரு பொய்யை நாள்தோறும் பொய்யென்று காட்டிக்கொண்டே இருக்கிறது. மாட்டு விஷயத்தில் இவ்வுண்மையை ஏற்றுப் பயனடைபவர், மனைவியின் விஷயத்தில் மறுப்பது முறையன்று.

ஒரு பொலிகாளையின் வரலாறு

தேர்வு என்பது எப்போதும் நன்மையே தருமா என்பதற்குக் கால்நடை உலகிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1962-இல் அமெரிக்காவில் பிறந்த ‘சீஃப்’ என்னும் ஹோல்ஸ்டீன் பொலிகாளை, பால் அதிகரிக்கும் குணத்தால் பெரும் புகழ் பெற்றது. அதற்குப் பிறந்த மகள்கள் சுமார் 16,000. பேத்திகள் சுமார் 5 லட்சம். கொள்ளுப்பேத்திகள் 20 லட்சத்துக்கும் மேல். இன்றைய ஹோல்ஸ்டீன் மாடுகளின் பாரம்பரியப் பொருளில் நூற்றுக்குச் சுமார் 14 பங்கு அந்த ஒரு காளையிடமிருந்து வந்தது என்று கணக்கிட்டிருக்கின்றனர்.

ஆயின், அக்காளை நல்ல குணங்களோடு ஒரு குறையையும் மறைவாகச் சுமந்திருந்தது. குறையுள்ள ஒரே மரபணு தாய்வழியிலும் தந்தைவழியிலும் வந்து சேர்ந்தால், கரு வயிற்றிலேயே அழிந்துவிடும். இது 2011-ஐ ஒட்டியே வெளிப்பட்டது. அதற்குள் 35 வருஷங்களில் உலகெங்கும் சுமார் 5,25,000 சினைச் சிதைவுகள் இக்குறையால் நேர்ந்தன என்றும், நஷ்டம் 42 கோடி டாலர் என்றும் மதிப்பிடப்பட்டது. பாலால் வந்த லாபம் அதைக் காட்டிலும் பன்மடங்கு பெரிதே. எனினும், கண்ணுக்குத் தெரிந்த ஒரு குணத்தையே நாடித் தேர்ந்தெடுப்பவன், கூடவே வருவது யாதென்று அறியான் என்னும் உண்மை இதனால் புலப்படுகிறது. பாலையே பெரிதாகக் கருதிப் பல்லாண்டு தேர்ந்ததால், ஹோல்ஸ்டீன் இனத்தில் சினை பிடிக்கும் தன்மை குறைந்ததும் உலகறிந்த விஷயம்.

நற்பயனும் இவ்வாராய்ச்சியாலேயே உண்டாயிற்று. இப்போது நமது உறைவிந்து நிலையங்களில் ஹோல்ஸ்டீன் இனப் பொலிகாளைகளைச் சேர்க்குமுன், கன்றுகளைக் கொல்லும் பாரம்பரிய நோய்கள் சிலவற்றுக்கு இரத்தம் சோதிக்கப்படுகிறது. குறையைச் சுமக்கும் காளை விலக்கப்படுகிறது. 2021-இல் ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையத்தார் நம் நாட்டுப் பசுவினங்களுக்கென்றே ‘இண்டிகாவ்’ என்னும் மரபணுச் சில்லை வெளியிட்டனர். பார்வைக்கு நல்ல காளையும் மறைவில் குறை சுமக்கலாம். இரத்தத்தைச் சோதித்தால் அது தெரிந்துவிடும். கீழே மனிதரைப்பற்றிக் கூறப்போவதற்கும் இதுவே அடிப்படை.

கருவைச் சோதித்தல்

விந்தைப் பிரிப்பதைவிட ஒரு படி மேலானது, உருவான கருவையே சோதிப்பது. இதுவும் முயலிலேயே தொடங்கிற்று. 1968-இல் இங்கிலாந்தில் எட்வர்ட்ஸ், கார்ட்னர் என்னும் இருவர், சில நாட்களே ஆன முயற்கருவிலிருந்து சில அணுக்களை எடுத்துப் பாலைக் கண்டறிந்து, பிறகு அக்கருவைத் தாயின் வயிற்றில் வைத்துக் குட்டி பிறக்கச் செய்தனர். அந்த எட்வர்ட்ஸின் முயற்சியாலேயே 1978 ஜூலையில், உடலுக்கு வெளியே கருத்தரித்த முதல் மனிதக் குழந்தை பிறந்தது. அதே வருஷம் அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி தமது முயற்சியால் இரண்டாவது குழந்தையைப் பிறப்பித்தார். 1990-இல் கர்னால் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில் இம்முறையால் எருமைக்கன்று பிறந்தது. அதே 1990-இல் லண்டனில் டாக்டர் ஹாண்டிசைடு முதலியோர், ஆண்குழந்தைகளை மட்டும் தாக்கும் கொடிய பாரம்பரிய நோயுள்ள குடும்பங்களுக்காக, மனிதக்கருவைச் சோதித்து வைக்கும் முறையைத் தொடங்கினர். தொழுவமும் மருத்துவமனையும் இவ்வாறு ஒன்றிடம் ஒன்று கற்றுக்கொண்டே வந்திருக்கின்றன.

இப்போதைய முறை யாதெனில், மனைவிக்கு மருந்து ஊசிகள் போட்டுப் பல கருமுட்டைகளை முதிரச் செய்து வெளியே எடுக்கின்றனர். கணவனின் விந்தோடு சேர்க்கின்றனர். ஐந்து அல்லது ஆறு நாளில் நூற்றுக்கு மேற்பட்ட அணுக்கள் கொண்ட சிறு கோளமாகக் கரு வளர்கிறது. பிற்காலத்தில் நஞ்சுக்கொடியாக மாறும் வெளிப்புறத்திலிருந்து ஐந்து முதல் பத்து அணுக்களை எடுத்துச் சோதிக்கின்றனர். விடை வரும்வரை கருவைத் திரவ நைட்ரஜனில் 196 டிகிரிக் குளிரில் உறையவைக்கின்றனர். கருவூட்டல் பணியாளர் தம் கலனில் கொண்டுவரும் அதே நைட்ரஜன்தான் இது. பிறகு நோயற்றதாகத் தெரிந்த கருவைத் தாயின் கருப்பையில் வைக்கின்றனர்.

இம்முறை துன்பமற்றதுமன்று, பிழையற்றதுமன்று. ஊசிகளின் சிரமம் முழுவதும் பெண்ணுக்கே. வைத்த கரு எல்லாம் தங்குவதுமில்லை. செலவு லட்சக்கணக்கில் ஆகும். எடுத்த சில அணுக்களில் ஒருவிதமும், கருவின் உட்புறத்தில் வேறுவிதமும் இருக்கக்கூடுமாதலால், சோதனை தவறுவதும் உண்டு. அதனால்தான், வயிற்றில் தங்கிய பின்னும் மறுமுறை சோதிக்கும்படி மருத்துவர் கூறுகின்றனர்.

யாருக்கு இது வேண்டும்?

தாலசீமியா என்னும் இரத்தக்குறையை உதாரணமாகக் கொள்வோம். பிறக்கும்போது குழந்தை நன்றாகவே இருக்கும். ஆறு மாதம் கடந்ததும் வெளுக்கும்; உண்ணாது; மண்ணீரல் வீங்கும். பிறகு ஆயுள் முழுவதும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றவேண்டும். அவ்வாறு ஏற்றும் இரத்தத்தின் இரும்புச்சத்து இருதயத்திலும் ஈரலிலும் சேர்ந்து கெடுப்பதால் அதற்கும் மருந்து வேண்டும். நம் நாட்டில் ஆண்டுதோறும் பதினாயிரம் குழந்தைகள் அளவில் இந்நோயோடு பிறப்பதாகக் கணக்கிட்டுள்ளனர்.

இக்குறையைச் சுமக்கும் பெற்றோருக்கு யாதொரு நோயும் தெரியாது. நூற்றுக்கு மூன்று நான்கு பேர் அதனை அறியாமலே சுமக்கின்றனர். கணவன் மனைவி இருவரும் சுமப்பவராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வரும். நாலில் இரு பங்கு பெற்றோரைப்போலவே சுமக்கும். நாலில் ஒரு பங்கு முற்றிலும் விடுபடும். முதற்குழந்தைக்கு நோய் வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பும் என்று எண்ணுவது தவறு. ஒவ்வொரு பிறப்பும் புதிய சீட்டே.

நம் மாநிலத்தில் இது இன்னும் கவனத்துக்குரியது. 2019–21 தேசியக் குடும்பநல சர்வேயின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 விவாகங்கள் இரத்த சம்பந்தமுடையவர்களுக்குள் நடந்தவை. தாய்மாமன் ஒரு குறையைச் சுமப்பவனாயின், அவனுடைய அக்காள் மகளும் அதே குறையைச் சுமக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. வெளியார் பெண்ணுக்கோ அவ்வாய்ப்பு மேற்கூறிய நூற்றுக்கு மூன்று நான்குதான். தன் கொட்டிலில் பிறந்த கிடேரிக்கு அதன் தகப்பனாகிய காளையை விடலாகாது என்பதைக் குடியானவர் அறிவர். அதற்கெனவே பொலிகாளையை மாற்றுகின்றனர். உறவு விட்டுப்போகலாகாது, நிலம் பிரிந்துபோகலாகாது என்னும் காரணங்களால் ஏற்பட்ட வழக்கத்தை ஒரே நாளில் விடும்படி சொல்ல இக்கட்டுரை எழுந்ததன்று. உறவில் சம்பந்தம் செய்வோர் ஜாதகத்தோடு இரத்தத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும் என்பதே இங்கு வற்புறுத்தப்படுகிறது. இது ஒருநாள் வேலை, செலவும் சொற்பம். ஒருவர் மட்டும் சுமப்பவராயின் குழந்தைக்கு இந்நோய் வருமென்று அஞ்சவேண்டுவதில்லை. இருவரும் சுமப்பவராயின், மருத்துவர் யோசனையைக் கேட்டு முடிவு செய்யலாம்.

விவாகம் முடிந்து, இருவரும் சுமப்பவர் என்பது பிறகே தெரிந்தவர்களுக்குத்தான் கருச்சோதனை உண்மையான உதவியாகிறது. அல்லது, கரு தங்கியபின் மூன்றாம் மாத அளவில் நஞ்சுக்கொடியின் துணுக்கை எடுத்துச் சோதித்துக்கொள்ளும் வழியும் உண்டு.

ஒரு கடினமான உதாரணம்

அகமதாபாத் நகரில் ஒரு தம்பதியின் மகனுக்குத் தாலசீமியா இருந்தது. இந்நோயைத் தீர்க்க வல்லது, பொருந்தும் உடன்பிறப்பின் எலும்பு மச்சையை மாற்றி வைத்தல் ஆகும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதலே இச்சிகிச்சை நடைபெற்று வருகிறது. ஆனால் அச்சிறுவனுக்கு வீட்டில் யாருடைய மச்சையும் பொருந்தவில்லை. ஆகவே மருத்துவர்கள், நோயற்றதும் அண்ணனுக்குப் பொருந்துவதுமான கருவைச் சோதித்துத் தேர்ந்தெடுத்தனர். 2018-இல் ஒரு பெண்குழந்தை பிறந்தது. 2020 மார்ச்சில் அக்குழந்தையின் மச்சை அண்ணனுக்கு ஏற்றப்பட்டது. அவனுக்குப் பிறகு இரத்தம் ஏற்றவேண்டியிருக்கவில்லை.

இதைக் கேட்டு மகிழாதவர் யார்? எனினும், தர்மம் அறிந்தோர் சிலர் ஒரு கேள்வி எழுப்பினர். பேசவும் அறியாத ஒரு சிசுவை, மற்றொருவனுக்கு மருந்தாகும் பொருட்டே பிறப்பிப்பது முறையா என்பது அது. மற்றோர், அக்குழந்தையையும் அண்ணனுக்குச் சமமாக அன்பு செய்து வளர்ப்பாராயின் பிழையில்லை என்கின்றனர். நமக்குத் தோன்றுவது யாதெனில், குழந்தை உயிரைக் காக்கப் பிறந்தது என்பதைவிட, காத்த பிறகு அதை எவ்வாறு நடத்துகின்றனர் என்பதிலேயே நியாயம் தங்கியிருக்கிறது. மகளாகவே வரவேற்று வளர்த்தால் அது குடும்பம். வேலை முடிந்ததும் மறந்தால் அது கொட்டில்.

சோதனையில் விலக்கப்படும் கருக்களைப்பற்றியும் இருவேறு கொள்கைகள் உண்டு. ஐந்து நாட் கருவும் ஓர் உயிரே, அதை எறிதல் பாவம் என்போர் உளர். அது விதை போன்றது, முளைத்தபின்பே பயிர் என்போரும் உளர். இவ்விரு திறத்தாரையும் மதித்தே பேசவேண்டும். எந்தத் தம்பதியையும் இதற்கு வற்புறுத்துதல் தகாது; விரும்பாதவரை இகழ்தலும் தகாது. ஏற்கெனவே நோயோடு பிறந்து நம்மிடையே வாழும் பிள்ளைகளைப் ‘பிறந்திருக்கலாகாதவர்’ என்பதுபோல் பேசுவது கொடிய பாவம். வருங்காலக் குழந்தைக்கு நோய் வராமல் காப்பதும், இருக்கும் குழந்தையைப் பேணுவதும் ஒன்றுக்கொன்று விரோதமானவையல்ல.

ஆண்மகவு வேண்டுவோருக்கு

குரலைத் தாழ்த்திக் கேட்பவர்களுக்கு விடை சுருக்கமானது. நம் தேசத்தில் அது குற்றம். பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று கண்டறிந்து கூறுவதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் நிறைவேறி, 1996 முதல் அமுலில் இருக்கிறது. 2003-இல் அது திருத்தப்பட்டு, கரு உண்டாவதற்கு முன்னரே விந்தைப் பிரித்தும் கருவைச் சோதித்தும் பாலைத் தேர்வதும் தடுக்கப்பட்டது. செய்யும் மருத்துவருக்கு மாத்திரமன்றி, செய்யச்சொல்லி நாடுவோருக்கும் தண்டனை உண்டு; நாடுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஐம்பதினாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். வற்புறுத்தப்பட்ட மனைவியைச் சட்டம் குற்றவாளியாகக் கொள்வதில்லை. 2021-ஆம் வருஷத்துச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமும், குடும்பத்தில் உள்ளதாக அறியப்பட்ட பாரம்பரிய நோய் முதலிய குறிப்பிட்ட காரணங்களுக்காகவே கருவைச் சோதிக்கலாம் என்று வரையறுத்தது. ஒரு பாலாரை மட்டும் தாக்கும் நோயைத் தடுப்பதற்கன்றிப் பாலைத் தேர்தல் அச்சட்டத்தாலும் விலக்கப்பட்டதே.

இச்சட்டம் வீணாகப் பிறந்ததன்று. சேலம் ஜில்லாவில் பெண்சிசுக்களைக் கொல்வதைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் ஏற்படுத்த வேண்டியதாயிற்று. 2001 ஜனக்கணிதத்தில் அந்த ஜில்லாவில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண்குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண்குழந்தைகள் 851 பேரே இருந்தனர். கள்ளிப்பால் செய்த வேலையை ஸ்கேன் கருவி சத்தமின்றிச் செய்தது. கருச்சோதனை அதையே இன்னும் சத்தமின்றிச் செய்யக்கூடும். அழுகுரல் கேட்காததால் பாதகம் பாதகமல்லாமல் போகாது.

கொட்டிலில் கிடேரியை விரும்புகிறோமே, வீட்டில் ஏன் விரும்பலாகாது என்று ஒருவர் வாதிக்கலாம். கிடேரியை நாம் விரும்புவது அது பால் தருவதால். அதன் வாழ்வை நமது பிரயோஜனத்தால் அளக்கிறோம்; அப்படி அளப்பதற்காகவே அதை வளர்க்கிறோம்; அதற்குப் பிரதியாகத் தீனியும் நிழலும் வைத்தியமும் அளிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். குழந்தையை அவ்வாறு அளக்கத் தொடங்கினால், மகன் சம்பாதிப்பான், மகள் செலவு என்ற கணக்கே மிஞ்சும். அக்கணக்கில் முதிர்ந்த தாய் தந்தையரும் செலவுப் பக்கத்திலேயே எழுதப்படுவர் என்பதை மறத்தலாகாது.

உயரமும் அறிவும் வேண்டுவோருக்கு

மேல்நாடுகளில் சில கம்பெனியார், கருவிலேயே உயரம், புத்திக்கூர்மை முதலியவற்றை மதிப்பிட்டுத் தேர்ந்து தருவதாகப் பணம் வாங்குகின்றனர். தாலசீமியா ஒரே மரபணுவின் குறை. ஆதலால் உண்டு, இல்லை என்று சொல்லலாம். உயரமோ புத்தியோ பல்லாயிரம் மரபணுக்களும் உணவும் வளர்ப்பும் கல்வியும் கூடி அமைவது. 2019-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, பத்துக் கருக்களுக்குள் சிறந்ததாக மதிப்பிட்டதைத் தேர்ந்தாலும், சராசரிக் கருவைவிட உயரத்தில் சுமார் இரண்டரை சென்டிமீட்டரும், புத்தி அளவையில் சுமார் இரண்டரைப் புள்ளியுமே அதிகம் எதிர்பார்க்கலாம். அம்மதிப்பீடுகளும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தாரைக் கொண்டு அமைத்தவை. நம்மவருக்கு இன்னும் குறைவாகவே பொருந்தும்.

மாட்டில் இவ்வகை மதிப்பீடு பலிப்பதேன் என்றால், லட்சக்கணக்கான பசுக்களின் பாலை வேளைதோறும் அளந்து எழுதிய கணக்கு அதன் பின்னால் இருக்கிறது. பாலை லிட்டரால் அளக்கலாம். பொறுமையையும் நாணயத்தையும் அளக்க எந்தப் படி உண்டு? நல்ல உணவும், பள்ளிக்கூடமும், கண்டிப்போடு கூடிய அன்பும் தருவதைவிட அதிகமாக எந்தச் சோதனையும் ஒரு குழந்தைக்குத் தந்துவிடாது.

செய்ய வேண்டியவை

கறவை மாடு வளர்ப்போரும் கிராம அதிகாரிகளும் பின்வருவனவற்றைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.

1. பிரித்த விந்தைச் செலுத்த விரும்புவோர், நல்ல உடற்கட்டுள்ள கிடேரியையே முதலில் தேர்க. தாது உப்பும் பசுந்தீவனமும் இரண்டு மாதம் முன்னதாகவே கொடுத்து வருக.

2. செலுத்திய தேதியையும், விந்துக்குச்சியில் அச்சிட்ட பொலிகாளை எண்ணையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க. அக்காளையின் மகளுக்கு அதே காளையின் விந்தை மறுபடி செலுத்தலாகாது.

3. ஊரில் எல்லாப் பசுக்களுக்கும் ஒரே காளையின் விந்தை நாடுவதை விடுக. சீஃப் காளையின் வரலாற்றை நினைவில் வைக்க.

4. உறவில் சம்பந்தம் பேசுவோர், நிச்சயதார்த்தத்துக்கு முன் பெண், பிள்ளை இருவருக்கும் தாலசீமியா இரத்தச் சோதனை செய்துகொள்க. இரும்புச்சத்து மருந்து பல மாதம் உண்டும் தீராத சோகை இருப்பின் இச்சோதனை மிகவும் அவசியம். குறையைச் சுமப்பவர் நோயாளியல்லர். அதைக் காரணமாகக் காட்டிப் பெண்ணை இழிவாகப் பேச இடங்கொடுக்கலாகாது.

5. நோயுள்ள குழந்தையைப் பெற்றவர்கள், அடுத்த கருவுக்கு முன்பே பெரிய மருத்துவமனையில் பாரம்பரிய நோய் ஆலோசனை பெறுக. கருச்சோதனை வேண்டுமா என்பதை மனைவியின் முழுச் சம்மதத்தோடு தீர்மானிக்க.

6. கிராம நிர்வாக அலுவலர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும், ஆண், பெண் பார்த்துச் சொல்வதாகக் கூறும் தரகர்கள் ஊருக்குள் வந்தால், சட்டப்படி அமைந்த ஜில்லா அதிகாரிக்குத் தெரிவிப்பது அவர்கள் கடமை. அவ்வாறு கேட்டுவரும் குடும்பத்தாருக்கு, பாலைத் தீர்மானிப்பது தந்தையின் அணு என்பதை எடுத்துரைப்பதும் அவர்களால் ஆகக்கூடிய பெரும் உபகாரம்.

பொதட்டூர்பேட்டைத் தறிகளில் பாவு ஓட்டும்போதே அறுந்த இழையைக் கண்டு முடிச்சிடுவர். நெய்த பிறகு வருந்திப் பயனில்லை. கொடிய நோய் தரும் இழையை முன்னரே கண்டு விலக்குவதும் அத்தகைய அறிவே. அதைக் குறை சொல்வார் இல்லை. ஆனால் அறுந்த இழையை முடிவது வேறு. நிறம் பிடிக்கவில்லை என்று நல்ல இழையை அறுப்பது வேறு. தொழுவத்தில் தேர்ந்தெடுங்கள்; அது உங்கள் தொழில். தொட்டிலில், நோய் ஒன்றைத் தவிர வேறெதையும் தேராதீர்கள்.